கேள்விக்கார அம்மாவும் தேசப்பன் அண்ணனின் முறைநாளும்

சுகந்தி அம்மாவை அறிந்தவர்களே, அவருக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த ஏரியின் உப்புமேல் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. என் சொந்த மருமகளே நம்புவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

போன வாரம் மீஞ்சூரிலிருந்து போன் வந்தபோது நான் ஆளுயர நண்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கையில் நண்டு, மறு கையில் போன். பேசியது சுகந்தி அம்மாவின் தங்கை. “அக்கா காலையில போயிட்டாங்கண்ணே” என்றார். நண்டு என் விரலைக் கவ்வியது. வலிக்கவில்லை. நண்டு தானாகவே விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது.

கரைக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் அண்ணன் மருமகள் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சின்ன மாமா, பெரியவரு காதுல மட்டும் போட்டுடாதீங்க. உங்க கால்ல வுழறேன். மறுபடியும் சுவத்தப் பாத்துக் குந்திட்டாருன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

அவள் பயந்ததில் தப்பில்லை. என் அண்ணன் தேசப்பன் ஒரு காலத்தில் ஏறத்தாழ ஒரு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர். அந்தச் சுவரிலிருந்து அவரைத் திருப்பியவர்தான் இப்போது போய்விட்டார்.

சுகந்தி அம்மா எங்கள் குப்பத்துக்கு முதன்முதலில் வந்தது ஆராய்ச்சிக்காக. வயதானவர்களுக்கு மனச்சோர்வு ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது, அது வந்தவர்களுக்குப் பின்னால் மறதியும் வருகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. அவர் எங்களிடம் கேட்ட கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் தோணிரேவிலிருந்து ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் சோதனைச்சாவடி வரை போய்த் திரும்பி வரும். அதனால் அவருக்குக் கேள்விக்கார அம்மா என்றே பெயர் நின்றுவிட்டது.

முதல் நாள் என்னிடம், “ராத்திரி தூக்கம் எப்படிண்ணே?” என்று கேட்டார். நான் விடுவேனா? “என் குறட்டையில ஏரியில இருக்கற பூநாரை எல்லாம் எழும்பி ஆந்திராவுக்குப் போயிடும்மா” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “கடந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் பறந்துதுங்க? தினமுமா, பாதி நாளா, எப்பவாவது ஒரு நாளா?” என்றார். அறுபது வருஷமாக அளந்துவரும் என் வாய் அன்றைக்கு முதன்முறையாக அடைத்தது. எனக்குச் சரியான ஆள் வந்துவிட்டார் என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

வீடுகளில் அவருடைய வேலை நடக்கவில்லை. மாமியாரைக் கேட்டால் மருமகள் பதில் சொல்வாள். தாத்தாவைக் கேட்டால் தெருவே பதில் சொல்லும். “எங்க நைனாவுக்கு இன்னாம்மா கவலை? ராசா மாரி வெச்சிருக்கறோம்” என்று மகன் குறுக்கே வந்து நிற்பான். மகன் நிற்கிற இடத்தில் எந்த நைனா வாயைத் திறப்பார்? அதனால் என் படகைக் கேட்டார். ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் கொஞ்ச தூரம் போவோம். அங்கே முழங்கால் தண்ணீர்தான். நான் படகை நிறுத்திவிட்டு இறங்கி, குரல் எட்டாத தூரத்துக்கு நடந்துபோய், கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருப்பேன். படகில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். “மூஞ்சியப் பாத்துக் கேட்டா மரியாதைக்கு ஒரு பதில் வருதுண்ணே. தண்ணியப் பாத்துக் கேட்டா வேற பதில் வருது” என்பார். அந்த நாட்களில் நான் பிடித்த இறாலைச் சென்னைப் பட்டணமே மூன்று வேளை வைத்துச் சாப்பிட்டது. ஆனால் படகில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கரைக்குத் திரும்பும்போது சில பேர் கண் சிவந்திருக்கும். காற்று என்பார்கள். நானும் ஆமாம், காற்றுதான் என்பேன்.

ஒருநாள் படகுக்கு ஆள் வரவில்லை. ஒல்லாந்தர் கல்லறை ஓரம் நிழலில் உட்கார்ந்திருந்தோம். இந்த டச்சுக்காரர்கள் ஜுரத்தில் சாகவில்லை, எங்கள் ஊர் நண்டுக் குழம்பின் காரத்தில் செத்தார்கள் என்று நான் சரித்திரத்தைத் திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எவ்ளோ தூரத்துலேருந்து வந்து இங்க கிடக்கறாங்க. சாகறதுக்கு முன்னாடி இவங்கள யாராவது ஒரு தடவையாவது கேட்டிருப்பாங்களாண்ணே, தூக்கம் வருதான்னு?” என்றார்.

இனி அண்ணன் கதை. எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடங்களை ஊரே முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். அதற்குப் பாடு என்று பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு முறைநாள் உண்டு. அன்றைக்கு அந்த இடத்துக்கு அவர்தான் ராஜா. அண்ணனுக்கு வயதாகி, ஒரு தடவை படகில் வழுக்கி விழுந்தார். அடி பெரிதில்லை. ஆனால் ஊர் கூடிப் பேசியது. “தேசப்பா, நீ ஒழைச்சது போதும். இனிமே வூட்ல குந்து. உன் பங்கு மீனு வாசலுக்கு வரும்” என்றார்கள். வந்தது. ஒரு முறைகூடத் தப்பாமல், இருப்பதிலேயே நல்ல மீனாகப் பார்த்துக் கூடையில் வந்தது. இப்படி ஒரு மரியாதை எந்தக் குப்பத்தில் நடக்கும் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டோம்.

அண்ணன் முதலில் பேச்சைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பேரப்பிள்ளை பெயரைக் கேட்டால் தெரியாது என்றார். என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் தெரியாது. மகன் ஏழுமலை என்னிடம் வந்து, “சித்தப்பா, நைனாவுக்கு மறதி நோவு வந்துடுச்சி. இதுக்கு மருந்தில்லயாமே” என்று அழுதான். நாங்களும் அப்படித்தான் நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டோம். உயிரோடு இருக்கிற மனிதரை நாங்களாகவே பாதி வழி அனுப்பிவிட்டோம்.

சுகந்தி அம்மா அண்ணனைப் படகில் ஏற்றவில்லை. அண்ணன் வரமாட்டேன் என்றார். அதனால் இவரும் அந்தச் சுவரைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “ஐயா, மூணு வார்த்தை சொல்றேன். ஞாபகம் வெச்சிருந்து திருப்பிச் சொல்லணும். தோணி, உப்பு, மாடு.”

“தெரியாது” என்றார் அண்ணன், மாடு என்று அவர் சொல்லி முடிப்பதற்குள்.

“இன்னிக்கு என்ன கிழமைங்கய்யா?”

“தெரியாது. போம்மா.”

வெளியே வந்தவர் என்னை ஓரமாக அழைத்தார். “பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட இதே கிழமையக் கேட்டேன். ‘நீ வந்த கிழமைதான், வேற இன்னா கிழமை’ன்னு மடக்கினாரு. அவருக்கு நிஜமாவே மறதி இருக்கு. அதனாலதான் அத மறைக்கப் பாக்கறாரு. தேசப்பன் ஐயா மறைக்கவும் இல்ல, தேடவும் இல்ல. கேள்வி முடியறதுக்கு முன்னாடியே கதவச் சாத்தறாரு. மறதியே இல்லன்னு நான் சொல்லலண்ணே. மொதல்ல துக்கத்தப் பாப்போம். அது வடிஞ்சப்புறம் மறதி எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு பாக்கலாம்.”

அரசு ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். ரத்தம் எடுத்தார்கள், காதைச் சோதித்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “துணை இல்லாம போறது, காது கேக்காம போறது, சர்க்கரை வியாதி, இப்படி எத்தனையோ காரணம் சேந்து வரும். இவருக்கு ஊரே ஒரு காரணத்தக் கூடையில வெச்சு அனுப்புது” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. வாசலில் அன்றைய மீன்கூடையைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஊர்க் கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை. சுகந்தி அம்மா பேசினார். அண்ணனுக்கு அவர் முறைநாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். கூட்டம் கொதித்தது.

“வயசான மனுசன ஏரியில எறக்கி வேலை வாங்கறானுங்கன்னு பக்கத்து குப்பத்துக்காரன் காறித் துப்புவாம்மா” என்றார் ஊர்த் தலைவர். “நாங்க இன்னா அவர பட்டினியா போட்டோம்? மீனு குடுக்கறோமில்ல?”

“மீன் குடுத்தீங்க. அவரோட நாள எடுத்துக்கிட்டீங்க” என்றார் அவர்.

பின்வரிசையிலிருந்து ஒருவன், “அப்ப என் நாளையும் கேட்டு வாங்கிக் குடும்மா. எல்லாத்தையும் என் பொண்டாட்டி எடுத்துக்கினா” என்றான். கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டார். சிரித்த வாயால் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். அண்ணன் இறங்கி வேலை செய்ய வேண்டாம், அவர் முறைநாளில் படகில் வந்து உட்கார்ந்து, வலையின் முதல் நுனியைத் தன் கையால் தண்ணீரில் விடட்டும் என்று முடிவானது.

முதல் முறைநாளில் அண்ணனை மூட்டைபோல் தூக்கித்தான் வைத்தோம். நுனியைக் கையில் கொடுத்தோம், விட்டார். அவ்வளவுதான். அடுத்த முறையும் அப்படியே. மாத்திரையும் வேலை செய்யவில்லை, ஏரியும் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. “மாத்திரைக்கும் நாள் ஆகும், மனுஷனுக்கும் நாள் ஆகும். நிறுத்தாதீங்க” என்றார் சுகந்தி அம்மா. அதற்கடுத்த முறை அவரும் படகில் இருந்தார். ஏழுமலை வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, “டேய், அது இன்னா வலையா, உன் மாமியா பொடவையா? இழுத்துக் கட்றா, சோம்பேறி!” என்றார்.

அந்தச் சத்தத்தில் முகத்துவாரத்து மணல்மேடு இடிந்து கடல் உள்ளே வந்தது. கல்லறையில் படுத்திருந்த டச்சுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள். திட்டு வாங்கிய ஏழுமலை வலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். சுகந்தி அம்மா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, “காத்து” என்றார்.

பல மாதம் கழித்து அதே மாதிரி மூன்று வார்த்தைகளை மறுபடியும் கேட்டார். அண்ணன் இரண்டைச் சொல்லிவிட்டார். மூன்றாவது வரவில்லை. “இரும்மா, சொல்லிடாத, சொல்லிடாத, நானே சொல்றேன்” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போராடினார். கடைசிவரை வரவில்லை. எனக்கு வருத்தம். சுகந்தி அம்மாவுக்கோ பரீட்சையில் பிள்ளை தேறியதுபோல் சந்தோஷம். “தேடறாரு பாத்தீங்களா!” என்றார். அதே மூச்சில், “நாளைக்கு மறதி வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேண்ணே. வந்தாலும் இவர் உங்க நடுவுல இருந்துதான் அதச் சந்திக்கணும், சுவத்துகிட்ட இல்ல” என்றார்.

போன மழைக்குப் பிறகு அவர் வருவது நின்றது. முட்டி வலி என்று போனில் சொன்னார். நம்பினோம். அது முட்டி வலி இல்லை, பெரிய நோய் என்று அவர் தங்கை சொல்லித்தான் தெரியும். ஊரெல்லாம் கேள்வி கேட்டவரிடம் நாங்கள் கேட்ட ஒரே கேள்வி, “எப்பம்மா வருவீங்க?” என்பதுதான்.

மல்லிகாவுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை. அண்ணன் வாசலில் வலையைப் பரப்பி அறுந்த கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனதுக்குள் ஒரு பிரமாண்டமான பொய் தயாராக இருந்தது: ஒல்லாந்து ராணிக்கு மனச்சோர்வாம், சுகந்தி அம்மாவைக் கப்பல் அனுப்பிக் கூட்டிப் போயிருக்கிறார்களாம். அண்ணன் நிமிர்ந்து, “இன்னாடா, மூஞ்சி செத்த கெளுத்தியாட்டம் இருக்குது?” என்றார்.

“சுகந்தி அம்மா போயிட்டாங்கண்ணே.”

அவர் கையிலிருந்த வலை நழுவியது. மெதுவாக, சுவர்ப் பக்கம் திரும்பினார். வாசற்படியில் மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒருமுறை நான் சுகந்தி அம்மாவிடம், இந்த வித்தையை எனக்கும் கற்றுக்கொடுங்கள், நானும் நாலு பேரைக் கேள்வி கேட்கிறேன் என்றேன். “உங்களுக்குக் கேள்வி வேணாம். ஒருத்தர் பேச்ச நிறுத்தினா நீங்க ஆரம்பிக்காதீங்க. அது போதும்” என்றார். அன்றைக்குக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். நான் வைத்துக்கொள்ளப்போவதும் அதைத்தான்.

அண்ணன் பக்கத்தில், அந்தச் சுவரைப் பார்த்து, நானும் உட்கார்ந்தேன். ஆறுதல் நாக்கு நுனியில் நின்றது, பொய்யும் நின்றது. விழுங்கினேன். வெயில் படியேறி எங்கள் கால்வரை வந்தது. அப்புறம் அண்ணனுடைய தோள் குலுங்கியது. எங்கள் தாய் செத்தபோதுகூட அழாதவர், வாய்விட்டு அழுதார். முடித்தபிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்படா எடுக்கறாங்க? மல்லிகா, என் சட்டைய எடும்மா” என்றார்.

மீஞ்சூருக்கு இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் எந்த ஊருக்குப் போகிறோம் என்று என்னை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் சொன்னேன். நேற்று அவருடைய முறைநாள். போனார். வலை நுனியை விடும்போது கொஞ்சம் அழுதார், அழுதுகொண்டே ஏழுமலையையும் திட்டினார்.

நண்டின் அளவை நீங்கள் உங்கள் இஷ்டத்துக்குக் குறைத்துக்கொள்ளலாம். பூநாரைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளலாம், டச்சுக்காரர்களைப் படுக்கவைத்துவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. அண்ணன் அழுது முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தேன் என்றேனே, அந்தச் சின்னப் பகுதி மட்டும் சத்தியமாக நிஜம். நீங்கள் நம்பப்போவதில்லை, தெரியும். அண்ணனைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது ஞாபகம் இருக்கிறது.