முனை ஒடித்த வெண்டைக்காய்

எங்கள் அப்பா தம் காய்கறிக்குச் செய்த ஒரே விளம்பரம் தம் பல்லால் செய்ததுதான். ராசிபுரம் சந்தையில் வாங்கலாமா வேண்டாமா என்று யாராவது யோசித்து நின்றால், கூடையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுப்பார். முனையை ஒடித்து, நறுக்கென்று கடித்துத் தின்று காட்டுவார். "ஒரு சொட்டுப் பூச்சிமருந்து அடிக்கலீங்க. பச்சையாவே திங்கலாமுங்க" என்பார். எட்டு வயதுப் பெண்ணான நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைக் கடிப்பேன். ஆட்டுக்குட்டி மாதிரி தின்கிறாளே என்று சிரிப்பார்கள்; சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்கியும் போவார்கள்.

வெண்ணந்தூர் பக்கம் எங்களுக்குக் காய்கறி விளையும் முக்கால் ஏக்கர் காடு. வெண்டையைச் சுற்றிச் செண்டுமல்லி நட்டிருந்தோம். புழுவெல்லாம் பூவுக்குப் போய்விடும், காய் தப்பிக்கும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அந்த வருடம் புழு பூவையும் தின்றது, காயையும் தின்றது. அம்மா கண் எரிய எரிய இஞ்சியும் பூண்டும் மிளகாயும் அரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். தெளித்த அன்றே மழை வந்து கழுவிவிட்டுப் போனது. ஓட்டை விழுந்த காயை யார் வாங்குவார்கள்? சந்தைக்குப் போன கூடை போனபடியே திரும்பி வந்தது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஊரே மருந்து அடிக்குது. நாமளும் ஒரே ஒருக்கா அடிச்சுப் பாக்கலாமுங்க" என்றாள் அம்மா. மறுநாள் அப்பா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நின்றார். எப்போதும் வரும் பூண்டு வாசம் இல்லை. "ஆட்ட இந்தப் பக்கம் ஓட்டியாராத சாமி" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அடுத்த சந்தைக்கு ஓட்டையில்லாத காய்கள் போயின. பச்சைப்பசேலென்று மின்னின. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வழக்கமாக வாங்கும் டீச்சர் கை நிறைய எடுத்துக்கொண்டு, "மருந்து அடிக்காத காய்தானுங்களே?" என்றார். அப்பா தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடித்துக் காட்ட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானே ஒரு காயை எடுத்தேன். முனையை ஒடித்துக் கடித்தேன்.

கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. அதுவரை என்மேல் கை வைக்காத அப்பா, என் வாய்க்குள் விரலை விட்டுக் காயைத் தோண்டி எடுத்தார். "துப்பு சாமி, துப்பிரு" என்று துண்டால் நாக்கை வழித்தார்.

டீச்சர் காய்களைக் கூடையிலேயே போட்டார். "உங்க புள்ளைக்கு ஆகாதது எம்புள்ளைக்கு ஆகுங்களா?" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா செண்டுமல்லி ஓரமாகக் குழி வெட்டிக் கூடையை அப்படியே கவிழ்த்தார். அடுத்த வாரமே தறி ஓட்டும் வேலைக்குப் போய்விட்டார். பிறகு அந்தக் காட்டில் அவர் வெண்டை போடவே இல்லை. குழியை மூடிவிட்டு மண்வெட்டியைப் பிடித்தபடி அவர் அழுதுகொண்டிருந்தபோது, வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை வாங்கியது நான். இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது.