சூலத்தில் ஆத்தா கட்டிய ஆஸ்பத்திரிக் கடுதாசி

ஆத்தாவின் காரியம் முடிந்த மறுவாரம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பரவையிலிருந்து மதுரைக்குப் போனேன். பட்டாளத்திலிருந்து திரும்பியவர்களின் பென்சன் விவகாரம் பார்க்கும் ஆபீஸ் ஒன்று அப்போது அங்கே இருந்தது. பர்மாச் சண்டையில் குண்டுச் சில்லு பாய்ந்து அண்ணனின் வலது கை தோளோடு செயலற்றுப் போயிருந்தது. ஏர் பிடிக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது. ஆத்தா களையெடுத்துக் கொண்டு வந்ததில்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் காய்ச்சலில் போன பிறகு அந்தப் பென்சனை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

கிளார்க் நல்ல மனிதர்தான். அண்ணனின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பட்டாளத்தில் இருந்ததற்கு இதில் அத்தாட்சி இருக்கிறது, கை அங்கேதான் போனது என்பதற்கு ஒன்றும் இல்லையே என்றார். பனையிலிருந்து விழுந்தவன்கூட வந்து கேட்கிறானாம். எந்த ஆஸ்பத்திரியில் கிடந்தாய் என்றார். அண்ணனுக்குத் தெரியவில்லை. நினைவில்லாமல் கிடந்தவனை லாரியிலும் ரயிலிலும் மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். கண் விழித்தபோது மேலே கூடாரத் துணி தெரிந்தது என்று மட்டும் சொன்னான்.

"வீட்டுக்கு லெட்டர் ஒண்ணும் வரலையாம்மா?" என்று கிளார்க் என்னைக் கேட்டார்.

வந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

அந்தக் கடுதாசியைத் தபால்காரர்தான் படித்துச் சொன்னார். மகனுக்குக் கையில் அடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார். ஆத்தா அழவில்லை. எங்கள் பக்கத்தில் தீராத குறை என்றால் அதை ஒரு சீட்டில் எழுதிக் கருப்பசாமியின் சூலத்தில் கட்டுவார்கள். ஆத்தா தனியாகச் சீட்டு எழுதவில்லை. "தொரையே எல்லாத்தையும் எழுதிட்டான். இதுக்கு மேல நாம என்னத்த எழுத?" என்றாள். கடுதாசியைப் பழைய குடைத்துணியில் சுற்றிச் சூலத்தில் கட்டிவிட்டு, கை சரியானால் கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டாள். நான்தான் துணைக்குப் போயிருந்தேன். வேண்டுதல் பலித்ததும் கட்டியவரே வந்து அவிழ்க்க வேண்டும், வேறு ஆள் தொடக் கூடாது என்பது அங்கே வழக்கம்.

திரும்பி வரும்போது கரியில் ஓடும் பஸ்ஸில் இதை அண்ணனிடம் சொன்னேன். செத்தவள் கட்டியதில் கை வைக்காதே, பென்சன் போனால் போகட்டும் என்றான் அவன். எனக்கு ஆத்திரமாக வந்தது. கஞ்சிக்கு யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று கேட்டு பஸ் என்றும் பாராமல் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன் மடியிலிருந்து கொஞ்சம் பொரிகடலை எடுத்துக் கொடுத்தாள்.

பூசாரி எங்களுக்கு மாமா முறை. மறுநாள் நான் கோயிலுக்குள் போக, அண்ணன் புளியமரத்தடியிலேயே நின்றுவிட்டான். மாமா அவனைப் பார்த்து, "சப்பான்காரன் சுட்டப்ப நின்ன ஆளு, கருப்பனக் கண்டு ஒளியிறியா மாப்ள?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவருடைய சிரிப்பு போய்விட்டது. அவிழ்க்க முடியாது தாயி என்றார். வெற்றிலையை மென்றுகொண்டு சூலத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கட்டு கட்டாவே இருக்கட்டும்," என்றார் கடைசியில். "உள்ள இருக்கத மட்டும் இழுத்துப் பாத்துக்கங்க. இவன் கைக்காகத்தான அவ கட்டுனா. இவன் பாத்தா சாமி கோவிக்காது."

சூடம் கொளுத்திவிட்டு, முடிச்சைத் தொடாமல் துணியின் வாயை நெகிழ்த்தினார். காகிதத்தின் தலைப்பக்கம் வெளியே வந்தது. கையால் எழுதியிருந்த மை ஈரத்தில் ஊறிப் பரவியிருந்தது. மேலே அச்சடித்திருந்த எழுத்து மட்டும் அழியவில்லை. ஓரத்தில் ஆத்தாவின் மஞ்சள் விரல் பட்ட கறை இருந்தது. நான் அதைத் தொட்டுக்கொண்டே நின்றேன்.

அண்ணனுக்குப் பட்டாளத்தில் இங்கிலீஷ் எழுத்துக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். இடது கையால் எழுத வராது. எனக்குத் தமிழே மூன்றாம் வகுப்பு வரைதான். அதனால் அச்சில் இருந்ததைப் பார்த்து மாமா வீட்டுச் சிலேட்டில் அப்படியே வரைந்தேன். "அது சும்மா வட்டம் இல்ல புள்ள, கீழ ஒரு வாலு இருக்கு பாரு," என்று அண்ணன் திருத்தினான். மாமாவும் எட்டிப் பார்த்துவிட்டு, கோழி கிளறின மாதிரி இருக்கே, இதுக்கா தொரைமாரு அம்புட்டுச் சம்பளம் வாங்குறாங்க என்றார். ஆத்தா போன பிறகு அண்ணன் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிலேட்டைத் துணியில் பொதிந்து கிளார்க்கிடம் கொண்டுபோனேன். படித்துப் பார்த்தார். அது ஆஸ்பத்திரியின் பெயரும் நம்பருமாம். இது போதும், அவர்களிடமே கேட்டு எழுதுகிறேன் என்றார். பதில் வரப் பல மாதம் ஆனது. வலது தோளில் காயம் என்று ஆஸ்பத்திரிப் பதிவில் இருந்ததாம். டாக்டர்கள் பார்த்து முடிவு சொல்ல அண்ணனை மதுரைக்கு வரச் சொன்னார்கள்.

அண்ணன் காக்கிச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டான். எனக்கு வேறு பயம். ஆத்தா கேட்டபோதெல்லாம், கை நல்லாகிக்கொண்டு வருகிறது என்றே அவன் சொல்லியிருந்தான். அவள் பார்க்கும்படி இடது கையால் வலது கையைத் தாங்கித் தூக்கிக் காட்டுவான். இங்கேயும் அதே வீம்பைக் காட்டினால் எல்லாம் போய்விடும்.

வாசலில் வைத்து, "அண்ணே, ஆத்தாட்ட சொன்ன மாதிரி இங்கயும் சொல்லிராத," என்றேன். அவன் உள்ளே போனான்.

கதவு திறந்தே இருந்தது. டாக்டர்கள் முன்னால் அண்ணன் விறைத்து நின்றான். சட்டையைக் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னார்கள். தோள் நடுங்கியது. முகமெல்லாம் வேர்த்தது. கை தொடையை விட்டு நகரவில்லை. கொஞ்சமாவது தூக்க முடியுமா என்று ஒரு டாக்டர் தமிழில் கேட்டார்.

"இல்லைங்கய்யா," என்றான் அண்ணன். "முடியல. இனியும் முடியாது."

அவர் எழுதிக்கொண்டார். பென்சன் கிடைக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அண்ணன் சட்டையைத் தோளில் போட்டபடி வெளியே வந்து என் முன்னால் நின்றான். பொத்தானைப் போட்டுவிடு என்றான். அதுவரை அவன் யாரையும் போடவிட்டதில்லை.