வாப்பாவின் கபுறில் நட்ட குரோட்டன்

என் கூடப்பிறந்த மூத்தவரான காக்காவும் நானும் பேச்சை நிறுத்தியது காணிக்காக அல்ல. ஒரு முழ உயரக் குரோட்டன் செடிக்காக.

வாப்பாவை அடக்கிய அன்று, கபுறு வெட்டியவர் மண்ணை மூடித் தலைமாட்டில் மீசான் கட்டையை ஊன்றிவிட்டு, "பச்சக் கொப்பு ஏதும் கொண்டுவந்தீங்களா, தம்பி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் அது வழக்கம். கொப்பு பச்சையாக இருக்கும்வரை உள்ளே கிடப்பவருக்கு வேதனை குறையும் என்பார்கள். தங்கச்சியின் வீட்டு வாசலில் வாப்பா வைத்து வளர்த்த குரோட்டன் வரிசை இருக்கிறது. அதில் முறித்து வந்ததை நான் நட்டேன். காக்கா அப்போது கட்டாரில் வேலையாக இருந்தார். மையத்து அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை.

கடற்கரை மணல், ஈரம் நிற்காது. தினமும் அஸர் தொழுதுவிட்டு ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை என்பதால் தங்கச்சி என்னிடம்தான் விசாரிப்பாள். "சின்னக்காக்கா, குருத்து வந்திட்டா?" வந்துவிட்டது என்று சொன்ன நாள் அவள் அழுதாள்.

நான்கு மாதம் கழித்துக் காக்கா ஊருக்கு வந்தார். மறுநாள் நான் போனபோது செடி வேரோடு மதிலோரம் கிடந்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஓம், நாந்தான் புடுங்கின. கபுறுல மரம் வெக்கிறது மார்க்கத்துல இல்லாத வேல" என்றார்.

"வாப்பா படுக்கையில கிடந்த மூணு வருசமும் ஒன்ட மார்க்கம் எங்க போயிருந்த?"

வாழ்நாளில் முதல் தடவையாக அவரை ஒருமையில் பேசினேன். அந்த மூன்று வருட மருந்தும் அவர் அனுப்பியதுதான். அது தெரிந்தேதான் கேட்டேன். அவர் எழுந்து கதவை அகலத் திறந்தார். "வெளிய போடா" என்றார்.

மறுபடி நட்டேன். மறுபடி பிடுங்கினார். மூன்றாம் முறை கொப்பு வெட்டப் போனபோது தங்கச்சி கத்தியைப் பறித்துக்கொண்டாள். "வாப்பாக்காகவா நீங்க ரெண்டு பேரும் சண்ட புடிக்கிறீங்க? இனி இந்த மரத்துல கை வெக்காதீங்க."

பாண்டிருப்பில் பூங்கன்று விற்கிறவரிடம் ஒன்று வாங்கினேன். அது காக்காவைச் சீண்டுவதற்கென்றே வாங்கிய கன்று. நட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். கபுறுகளுக்கு நடுவே இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தோம். என்னுடையது கிழிந்தது. தொழுதுவிட்டு வந்தவர்கள்தான் பிரித்துவிட்டார்கள்.

அடுத்த மாரிக்குப் பிறகு, பாம்பு அடைகிறது என்று பள்ளிவாசல் நிர்வாகம் இயந்திரம் வைத்து மையவாடியைத் துப்புரவாக்கியது. செடிகளோடு பழைய மீசான் கட்டைகளும் போயின. எல்லா இடமும் ஒரே மணலாகக் கிடந்தது.

சென்ற வருடம் எங்கள் மாமா மௌத்தானார். அடக்கிவிட்டுச் சனம் கலைந்த பிறகும் விடுமுறையில் வந்திருந்த காக்கா மட்டும் அங்குமிங்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார். இரண்டு வருடத்தில் அன்றுதான் வாய் திறந்தார்.

"வாப்பாட கபுறு எதுடா?"

எனக்குத் தெரியும். மேற்கு மதிலின் மூன்றாவது தூணுக்கு நேரே பதினொரு கவடு எட்டி வைத்தால் வாப்பா.

"நீதானே புடுங்கின. நீயே தேடு" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தெற்கே கொஞ்சத் தூரம் நடந்து, யாருடைய கபுறு என்றே தெரியாத ஓரிடத்தில் நின்று கையேந்தினார். வெகுநேரம் ஓதினார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். கூப்பிட்டிருந்தால் கேட்கும் தூரம்தான். தொப்பியைக் கழற்றி மடித்துப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பின்னேரம் தங்கச்சியிடம் இதைச் சொன்னேன், வென்றுவிட்டு வந்தவன்போல. அவள் எனக்காகப் போட்டுவைத்திருந்த சோற்றை மூடினாள்.

"போய்க் காட்டிட்டு வந்து தின்னுங்க."

நான் போகவில்லை. மறு வாரம் காக்கா கட்டாருக்குத் திரும்பிவிட்டார்.