பனி தட்டுகிறவள்

கொதிக்கிற தண்ணீர் காலில் கொட்டியும் சுடவில்லை என்றால் நீங்கள் பயப்படுவீர்களா, மாட்டீர்களா?

கெட்டில் சரிந்தபோது அலறியது அவளில்லை, புருஷன்.

"ஏய், கால் வெந்துபோச்சுடி! மரமாட்டம் நிக்கிற!"

"எனக்குச் சுடலையே," என்றாள். சொன்ன பிறகுதான் குனிந்து காலைக் கிள்ளிப் பார்த்தாள்.

அவள் வேலை பார்க்கும் கோல்ஃப் மைதானத்தில், தடம் விழாமல் நடப்பதால் அவளுக்குப் பூனை என்று பட்டப்பெயர். அங்கே பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லைக் கிரீன் என்பார்கள். பனி தங்கினால் அதில் பூஞ்சை பிடித்து வட்ட வட்டமாகக் கருகும். கருகியதைத் தோண்டியெடுத்துப் புதுப்புல் பதிக்க வேண்டும். அந்தச் செலவு வராமலிருக்க, விடிந்ததும் நீளக் கழியால் பனியைத் தட்டிவிடுவது அவள் வேலை. வெறுங்காலோடுதான். பூட்ஸ் போட்டால் தடம் விழுமாம். மாலையில் பூஞ்சைக்கு மருந்து அடித்தால் மறுநாள் முழுக்க அங்கே சிவப்புக் கொடி நிற்கும், ஆட்டக்காரர்கள் கால் வைக்கக் கூடாதென்று. விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். கொடியைத் தாண்டி அவள் மட்டும் போவாள்.

கட்டுப்போட்ட காலைச் சூப்பர்வைசரிடம் காட்டினாள்.

"யாரு கண்ணோ பட்டிருக்கு, பூனை."

"கண்ணு பட்டா கால் மரத்துப்போகுமா சார்? எனக்கு முன்னாடி இந்த வேலை பாத்த அக்காவும் இப்ப சுவத்தைப் பிடிச்சுட்டுத்தான் நடக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணா?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது."

"அதையாவது விட்டுவைங்க. எனக்கு பூட்ஸ் குடுங்க சார்."

"தடம் விழுந்தா என் தலை உருளும். வேலை வேணும்னா வெறுங்கால்."

மறுநாள் புருஷனின் பூட்ஸுக்குள் துணி திணித்துப் போட்டுக்கொண்டு போனாள். கொடி அசையாமல் நின்றது. மண்புழுக்கள் மேலே வந்து செத்துக் கிடந்தன; கொத்த ஒரு பறவையும் இறங்கவில்லை. கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். பின்னால் தடங்கள் வரிசையாக வந்தன.

சூப்பர்வைசர் கத்தவில்லை. கழியை அவள் கையிலிருந்து வாங்கி, ஓரத்தில் நின்ற புதியவளிடம் நீட்டினார்.

"செருப்பைக் கழட்டிட்டுப் போம்மா."

அந்தப் பெண் கழற்றினாள்.

அந்தச் சூப்பர்வைசர் பயப்படுவது ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை நீங்களே ஆடுகிறவராக இருக்கலாம். பனி தட்டியவள் காலில் என்ன போட்டிருந்தாள் என்று கேளுங்கள். வெறுங்கால் என்று பதில் வந்தால், மட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆட மறுத்துவிடுங்கள்.