பல்செட் அக்காவும் சொல்பேச்சு கேட்காத வட்டமும்

பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்துகொடுப்பதுதான் அக்காவின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே லேப், அதே ஜன்னலோர மேசை. "இன்னைக்கு நாலு வாய் முடிச்சேன்" என்றுதான் வீட்டுக்கு வந்து சொல்வார். அவர் குடியிருந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவர் பல்செட் அக்கா. வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். என்றைக்காவது தங்கள் வாய் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டியதுதானே என்ற முன்யோசனை.

மெழுகில் பல்வரிசை அடுக்கிப் பழகிய கை. ஏழு வருடத்துக்கு முன்பு வீட்டு டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டும் பட்டன் படுத்துவிட்டது. கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னார். அக்கா அதை லேபுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் மெழுகு செதுக்கும் கத்தியால் நெம்பித் திறந்து, உள்ளே இருந்த பிசுக்கைத் துடைத்து மூடினார். டிவி ஊருக்கே கேட்கும்படி கத்தியது. அன்று பிடித்த பைத்தியம்.

ஹாலில் சாப்பாட்டு மேசை இருந்த இடத்தில் ஒரு நீள மேசை வந்தது. அதன்மேல் சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், திருகுகள் போட்டுவைக்க லேபிலிருந்து வந்த பல்செட் டப்பாக்கள். சாப்பாடு தரைக்கு இறங்கியது. எல்லா ரிப்பேரும் சொன்னபடி முடிந்தது என்று சொல்ல முடியாது. அவர் சரிசெய்த டோஸ்டர் ரொட்டியை அலமாரியின் மேல்தட்டு வரைக்கும் எறிந்தது. பக்கத்து வீட்டுக் காலிங்பெல் யாராவது லிஃப்ட் பட்டனை அமுக்கினாலும் அடித்தது. அக்கா இவற்றைத் தோல்வி என்று ஒப்புக்கொண்டதே கிடையாது.

"வேலை செய்யுதா இல்லையா? கொஞ்சம் அதிகமா செய்யுது, அவ்வளவுதானே" என்பார்.

அவர் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆனால் நெட்டில் இணைகிற சாமான் எது வந்தாலும் வாங்கிவிடுவார். போன் சொன்னால்தான் கொதிக்கும் கெட்டில் ஒன்று வந்தது. நெட் போன அன்று இருவரும் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். அன்று சாயங்காலமே அக்கா கெட்டிலின் அடிவயிற்றைத் திறந்து, சாதாரண சுவிட்ச் ஒன்றை வைத்து மூடினார். வீட்டுக்குச் சட்டமும் போட்டார்.

"இனிமே இந்த வீட்ல எந்தச் சாமானும் நெட்டைக் கேட்டுட்டு வேலை செய்யக் கூடாது. எங்கிட்ட கேட்டா போதும்."

"நானும் அப்படித்தானே இருக்கேன்" என்றார் கணவர்.

இப்படி இருக்கையில் ஒருநாள், நேர் மேல்வீட்டுக்காரர் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வட்டமான மெஷினோடு நின்றிருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. எதையும் நோட்டீஸ் ஒட்டாமல் செய்யமாட்டார். கையில் இருந்தது, தானாக உருண்டு தரை பெருக்கும் மெஷின். செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"புதுசு வாங்கிட்டேன் அக்கா. இது சும்மா கிடக்குது. உங்களுக்கு வேணும்னா எடுத்துக்குங்க."

அக்கா குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பேட்டரி உப்பியிருந்தது, மாற்றினார். சக்கரத்தில் சுற்றியிருந்த முடியை எடுத்தார். ஒரு சின்னப் பூனைக்குப் போதுமான முடி. மூன்றாம் நாள் மேலே இருந்த பட்டனை அமுக்கியதும் அது "பெருக்கத் தொடங்குகிறேன்" என்று ஒரு பெண்குரலில் சொல்லிவிட்டுக் கிளம்பியது. கணவர் அதற்கு வட்டம் என்று பெயர் வைத்தார். போனில் இணைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தார். அக்கா பார்த்த பார்வையில் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் வட்டம் ஒழுங்காக இருந்தது. பிறகு கெட்டுப்போனது. அதாவது, யாரும் அமுக்காமலே ஓட ஆரம்பித்தது. ஞாயிறு மதியம் இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "பெருக்கத் தொடங்குகிறேன்" என்று வந்து, கணவரின் தட்டை முட்டித் தள்ளி, சிந்தியதைப் பெருக்கிக்கொண்டு போனது. மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வரும்போது ஈரக் காலுக்குக் குறுக்கே வந்தது.

"பட்டன் உள்ள ஒட்டிக்குது. லூஸ் கான்டாக்ட்" என்றார் அக்கா. திறந்தார், துடைத்தார், மூடினார். ஓடியது. மறுபடி திறந்து சால்டரை உருக்கி வைத்தார். ஓடியது. மூன்றாவது முறை பட்டனையே மாற்றினார். மூன்று நாள் அமைதி. நான்காம் நாள் சாவதானமாகக் கட்டிலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு, "சிக்கிக்கொண்டேன், உதவுங்கள்" என்று புலம்பியது.

இதே வாரத்தில் செக்ரட்டரி தன் புது மெஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"அக்கா, வாங்கி ஒரு மாசம்கூட ஆகல. போன்ல அமுக்குறேன், அசைய மாட்டேங்குது. ஆனா மீட்டிங்ல உக்காந்திருக்கும்போது சிக்கிக்கிட்டேன், உதவுங்கன்னு மெசேஜ் அனுப்புது. ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு ஓடி வந்து பார்த்தா, சார்ஜர்ல ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கு."

அக்கா அதை மேசையில் வைத்து மேலிருந்த பட்டனை அமுக்கினார். ஓடியது. மல்லாக்கப் போட்டு அமுக்கினார், சக்கரம் சுற்றியது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை போல இருந்தது. இரண்டு நாள் வைத்திருந்து, பிரித்து, கோர்த்து, "எல்லாம் சரியா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை அது மறுபடி கீழே வந்தது. அதற்கடுத்த வாரமும்.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மெஷின் வேண்டாம் என்றாலும் ஓடுகிறது, இன்னொன்று வேண்டும் என்றாலும் ஓட மறுக்கிறது. லேபில் ஒரு வாய்க்கு மேல்வரிசையைக் கீழேயும் கீழ்வரிசையை மேலேயும் அடுக்கி, முதலாளியிடம் முதன்முறையாகத் திட்டு வாங்கினார்.

"என் கை போயிடுச்சுங்க" என்றார் கணவரிடம். "முப்பது வயசுல செத்த ரேடியோவைப் பேச வச்சிருப்பேன். இப்ப ஒரு பட்டனைக் கட்டிவைக்க முடியல."

"முப்பது வயசுல நீ ரிப்பேரே ஆரம்பிக்கல" என்றார் கணவர் ஆறுதலாக.

அடுத்த சனிக்கிழமை அக்கா ஒரு முடிவோடு உட்கார்ந்தார். வட்டத்தைத் திறந்து, பட்டனை அடியோடு பிடுங்கினார். ஒயரை வெட்டி, நுனியில் டேப் சுற்றினார். பிடுங்கிய பட்டனை ஒரு சாசரில் வைத்து, மெஷினைத் தரையில் விட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கணவரும் செய்தித்தாளை மடித்துவிட்டுப் பார்த்தார்.

பத்து நிமிடம் கழித்து வட்டம், "பெருக்கத் தொடங்குகிறேன்" என்றது.

அக்கா நாற்காலியில் ஏறி நின்றுகொண்டார். வட்டம் நாற்காலியின் நான்கு காலையும் சுற்றிப் பெருக்கியது. கணவர் சாசரில் இருந்த பட்டனையும் தரையில் ஓடியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன் தொழில்லயே இப்படி ஒண்ணு பார்த்திருக்க மாட்ட" என்றார். "பல்லைப் பிடுங்குன பிறகும் கடிக்குது."

அப்போது கதவு தட்டப்பட்டது, கணவர் போய்த் திறந்தார். வெளியே செக்ரட்டரியின் மனைவி, கையில் தன் கணவரின் போனோடு நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். முகம் பரீட்சை பேப்பர் திருத்தும் முகமாக இருந்தது.

"அக்கா, ஒரு நிமிஷம். இந்த மேப்பைப் பாருங்க" என்றார்.

தரை பெருக்கும் மெஷின் போகும் வழியையெல்லாம் அளந்து போனில் வீட்டின் படம் வரைந்து வைக்குமாம். செக்ரட்டரி அதைத் திறந்தே பார்த்ததில்லை. பட்டன் இருக்கும் பக்கத்தோடு அவர் வேலை முடிந்தது. டீச்சர் இன்றுதான் பார்த்தார். மேப் என்றால் அவர் சும்மா விடமாட்டார்.

"சுவரெல்லாம் எங்க வீட்டுச் சுவர்தான். ஆனா சாமான் எதுவும் எங்களது இல்ல. எங்க சோபா இருக்குற இடத்துல ஏதோ நீளமா ஒண்ணு. எங்களுக்குச் சாப்பாட்டு மேசை இருக்கு, இதுல அதையே காணோம். அவர்கிட்ட, யார் வீடு இதுன்னு கேட்டேன். நம்ம வீடுதான்னு சத்தியம் பண்றாரு. சொல்லும்போது வேர்க்குது வேற."

பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். எதிரே நீள மேசை. கீழே வட்டம் அலமாரியை நோக்கி உருண்டது. போனில் ஒரு சின்னப் புள்ளியும் அதே அலமாரியை நோக்கி உருண்டது. வட்டம் திரும்பியது, புள்ளியும் திரும்பியது. டீச்சர் மேப்பையும் ஹாலையும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, நாற்காலிமேல் நின்ற அக்காவை அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, நான் போனை வாங்குறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் அமுக்கினது இதைத்தான். இத்தனை நாளா அவர்தான் இதை ஓட்டியிருக்காரு. மேல சோபால உக்காந்துக்கிட்டு."

அக்காவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. மேல்வீட்டு வைஃபை பாஸ்வேர்டு வட்டத்தின் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறது. புது பேட்டரி போட்டு உயிர் வந்ததும் அது பழைய வைஃபையைத் தேடியிருக்கிறது. அது தலைக்கு மேல், ஒரே ஒரு மாடி தள்ளித்தான் இருந்தது. போனில் பழைய மெஷினும் புது மெஷினும் ஒரே பெயரில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. செக்ரட்டரி எப்போதும் முதலில் இருந்த பழையதையே அமுக்கியிருக்கிறார்.

டீச்சர் திரையைக் கீழே தள்ளிப் படித்தார். "இந்த மாசம் முப்பத்தோரு தடவை பெருக்கியிருக்கு." போனை இறக்கினார். "கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துல எங்க வீட்ல ஒரு தடவை துடைப்பத்தைத் தொட்டதில்ல. உங்க வீட்ல வந்து முப்பத்தோரு தடவை பெருக்கியிருக்காரு."

"நல்லாத்தான் பெருக்குறாரு" என்றார் அக்காவின் கணவர். "மூலைதான் கொஞ்சம் விடுறாரு."

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கினார். சிரிப்பு வந்தது, அதைவிட அதிகமாக ஒரு நிம்மதி வந்தது. கை போகவில்லை. இரண்டு மெஷினும் முதல் நாளிலிருந்தே நன்றாக இருந்தன. நன்றாக இருந்த இரண்டை அவர் ஏழு தடவை சரிசெய்திருக்கிறார், அவ்வளவுதான்.

செக்ரட்டரியை வரவழைத்தார்கள். அவர் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நானும் பார்த்தேன், வீடு சுத்தமாகலையேன்னு. மெஷின் மட்டமான மெஷின்னு நினைச்சிட்டேன்."

"சார், முதல்ல எங்க வட்டத்தை உங்க போன்லேர்ந்து எடுத்துடுங்க" என்றார் அக்கா.

"இப்பவே எடுத்துட்டேன் பாருங்க" என்று செக்ரட்டரி மனைவியிடமிருந்து போனை வாங்கிக் கம்பீரமாக ஒரு தட்டு தட்டினார். மாடியில் அவருடைய புது மெஷின் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று சொன்னது, திறந்த ஜன்னல் வழியே இங்கேவரை கேட்டது. வட்டம் அலட்டிக்கொள்ளாமல் அக்கா கணவரின் செருப்பைத் தள்ளிக்கொண்டு போனது. டீச்சர் கையை நீட்டினார். செக்ரட்டரி போனை ஒப்படைத்தார்.

அன்று சாயங்காலமே அக்கா வட்டத்துக்குப் பட்டனைத் திருப்பி வைத்தார். மேல்வீட்டில் டீச்சர் கணவரின் போனிலிருந்து வட்டத்தை நீக்கிவிட்டு, புது மெஷினைத் தன் போனில் சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில், நெட் சாமான்களைப் பிறருக்குக் கொடுக்கும் முன் போனிலிருந்து நீக்க வேண்டும், நீக்கும்போது எதை நீக்குகிறோம் என்று பார்க்கவும் வேண்டும் என்று செக்ரட்டரியின் கையெழுத்தோடு அறிவிப்பு ஒட்டியிருந்தது.

இப்போது யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அக்கா உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதில்லை. "இது யார் பேச்சைக் கேக்கும்?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறார். போன வாரம் முதல் மாடி டிரைவர் ஒரு டேபிள் ஃபேனோடு வந்தார். நெட்டும் இல்லை, போனும் இல்லை, மூன்றே மூன்று பட்டன் உள்ள ஃபேன். ஆனாலும் அக்கா கேட்டார். டிரைவர் ஃபேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் பேச்சைக் கேக்காது அக்கா. வீட்ல அவ அமுக்குனா மட்டும் சுத்துது. எதுக்கும் அவளையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"கூட்டிட்டு வாங்க. வரும்போது பிளக் பாயிண்ட்ல சுவிட்ச் போட்டிருக்கான்னும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க" என்றார் அக்கா.