அம்மா பாஸ் பண்ணிய கம்பி

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இன்று யாரோ மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட் துணியை மேசையில் விட்டுப் போயிருந்தார்கள். அந்த வாசனையில், இப்போது குடோனாகிவிட்ட மண்ணரை ஊரிலிருந்த எங்கள் கார் ஷெட் அப்படியே திரும்பி வந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அப்பா அங்கே பழைய கார்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். போல்ட்டுகளின் தலையிலுள்ள துளைகளில் மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, ஒன்றோடொன்று கட்டுவார். ஒரு போல்ட் கழலப் பார்த்தால் கம்பி அதை இறுகும் பக்கமே இழுக்க வேண்டும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அம்மா, மாலையில் வந்ததும் டிபன் பாக்ஸைக்கூட இறக்கி வைக்காமல், அந்தக் கட்டுகளின் மேல் வேஸ்ட் துணியை மெல்ல இழுத்துப் பார்ப்பார்; நூல் மாட்டினால் கம்பி முனை சரியாக மடங்கவில்லை என்று அர்த்தம், பிறகு குனிந்து ஒவ்வொரு கம்பியும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார்.

ஒருநாள் மாலை, மறுநாள் ஊட்டிக்குப் போகவிருந்த ஒரு காரின் பிரேக் போல்ட்டில் அம்மாவின் கை நின்றது.

"ஏனுங்க, இது கழலற பக்கமா இழுக்குதுங்க."

"வண்டி ஓனரு வந்து நிக்கறாரு புள்ள."

"நிக்கட்டுங்க. மலையில வண்டி நிக்கோணுமில்லீங்க."

ஓனர் சிரித்தார். "இதென்னங்க பனியன் பீஸா, செக்கிங் பண்றதுக்கு?"

அப்பா பிளையரை எடுத்துக் கம்பியை வெட்டினார்.

"எங்க ஊட்ல பாஸ் பண்ணாத்தானுங்க வண்டி வெளிய போகும்."