வாரண்டிக்காரர் தின்ற சாசேஜ்

போதையில் உளறினாராம்! பேக்கரி வாசலில் நின்று இதைச் சொல்கிறவர்களில் ஒருவராவது அன்றைக்கு அந்தச் சந்து வீட்டுக்குள் இருந்தாரா? பெரியவர் நுன்சியாத்தோ ஊற்றியது விருந்தாளிக்கு ஒரு கிளாஸ் வைன், தனக்கு அரைக் கிளாஸ். அதிலும் பாதி மிச்சம். மகள் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள் என்பதும் சுத்தப் பொய்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பெரிய வீட்டை மகள் லொரெதானாவுக்குக் கொடுத்துவிட்டு, பின்பக்கம் சந்தைப் பார்த்தபடி தக்காளிப் பாத்தி இருந்த இடத்தில் தனக்கென்று ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார் மனிதர். கட்டியவன் சவேரியோ. ஞானஸ்நானத்தில் அவர் கையில் ஏந்திய பிள்ளை. சொந்தமாகத் தொழில் தொடங்கி அவன் எழுப்பிய முதல் வீடு அது. புது வீட்டுக்கு வாரண்டி இன்சூரன்ஸ் உண்டு. சுவருக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் ஐந்து வருஷம்வரை அவர்கள் சரிசெய்து தருவார்கள். தப்பு கட்டியவனுடையது என்றால் அப்புறம் செலவுக் காசுக்கு அவன் கழுத்தைப் பிடிப்பார்கள்.

தெற்கு இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவருக்குக் குளிர்காலத்தில், குடலில் அடைத்த பன்றிக்கறி சாசேஜ் உலரத் தொங்காத வீடு ஒரு வீடா? படிக்கட்டுக்கு அடியில் இருந்த சிற்றறையில் காற்று போதவில்லை. டிரில்லை எடுத்து வெளிச்சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார், குழாய் செருகினார், மேலே தகரம் வைத்தார். வாழ்நாளெல்லாம் சிமெண்டில் கிடந்தவர், யாரைக் கேட்க வேண்டும்? சாசேஜ் பிரமாதமாக உலர்ந்தது. இது மழை ஓயாத ஊர்; அடுத்த மழைக்கே அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிச் சுவர் ஊதியது. கறுப்புப் பூஞ்சை படுக்கையறைவரை படர்ந்தது. இருமல் அவரை விடவே இல்லை.

லொரெதானா வாரண்டிக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் குழாயைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, பெயின்டும் அடித்துவிட்டாள்.

“அப்பா, வாயத் திறந்துடாதீங்க. ஓட்டை நம்ம போட்டதுன்னு தெரிஞ்சா ஒரு ஆணிகூட அடிச்சுத் தரமாட்டாங்க.”

“அப்போ பழி சவேரியோ மேல விழுமே?”

“அவன் சின்னப் பையன், எந்திரிச்சுக்குவான். இந்தப் பூஞ்சையில நீங்க விழுந்தா எந்திரிப்பீங்களா?”

பெற்ற மகள் பயந்து சொல்கிறாள். தலையாட்டினார்.

சோதிக்க வந்தவர் சுவரைத் தட்டினார், கருவி வைத்து ஈரம் பார்த்தார். “ஜன்னலச் சுத்தி சரியா அடைக்கல போல. கட்டினவர் வேலைல குறை” என்றார். லொரெதானாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவதா? ரொட்டி, சாசேஜ், வீட்டு வைன் என்று மேஜையில் பரப்பினார் நுன்சியாத்தோ. வந்தவர் ஒரு துண்டு தின்றார். கேட்காமலே இன்னொன்று எடுத்தார்.

“எந்தக் கடைல வாங்கினீங்க பெரியவரே?”

“கடையா? திட்டணும்னா நேராத் திட்டிடுங்க தம்பி. நானே காயப்போட்டது.”

“இவ்வளவு சின்ன வீட்லயா? காத்து வேணுமே!”

“பெரிய வீட்டு பேஸ்மென்ட்ல” என்று முந்திக்கொண்டாள் லொரெதானா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுவர் கிடைத்திருக்கும். நுன்சியாத்தோ கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்துபோய், புதுப் பெயின்டின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“காத்து இது வழியா வந்துச்சு. ஓட்டை போட்டவன் நான். அந்தப் பையன் வேலைல குறையில்ல.”

இதுவா போதை?

வாரண்டி கையை விரித்தது. சுவர் அழுகியபடியே நின்றது. “மகளவிட ஞானப்பிள்ளை பெரிசாப் போயிட்டான் உங்களுக்கு!” என்று கத்தினாள் லொரெதானா. அப்புறம் அழுதாள். பெரிய வீட்டு மாடி அறைக்கு வரச்சொன்னாள். விஷயம் தெரிந்து ஓடிவந்த சவேரியோ, சுவரைச் சும்மா கட்டித் தருகிறேன் என்றான். இரண்டுக்கும் அவர் மசியவில்லை. “என் ஓட்டைக்கு அவன் ஏன் உழைக்கணும்? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நீ போடுற சாப்பாடு எனக்கு இறங்குமா?”

சர்ச்சுக்காரர்கள் நடத்தும் முதியோர் விடுதியில் ஓர் அறை கேட்டு வைத்திருந்தார். கிளம்பும் காலையில், மிச்சமிருந்த சாசேஜையெல்லாம் மகளுடைய சமையலறையில் தொங்கவிட்டு, பையைத் தோளில் மாட்டினார். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

“மழை நின்னதும் போங்கப்பா.”

“இந்த ஊர்ல அது எப்படி நிக்கும்?” என்று கதவைத் திறந்தார்.